ரெய்டு சர்வரில் பெரிய வன்தட்டுகள்: ஒன்றொன்றாக மாற்றுவதா, கலைத்துக் கட்டுவதா, பக்கத்தில் இன்னொரு பெட்டி வைப்பதா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியிலும் அதைச் சுற்றியுள்ள தோட்ட அலுவலகங்களிலும் சர்வர் என்று சொல்லப்படுவது, பெரும்பாலும் மேசைக்கு அடியிலோ மருந்து அலமாரிக்குப் பின்னாலோ ஓடிக்கொண்டிருக்கும் நான்கு வன்தட்டுப் பெட்டிதான். கிளினிக்கில் அது நோயாளிகளின் பதிவேட்டையும் எக்ஸ்ரே படங்களையும் வைத்திருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிக் குத்தகையாளரிடம் எடைச் சீட்டுகளையும் சம்பளக் கணக்கையும் வைத்திருக்கிறது. அச்சகத்தில் பல ஆண்டுத் திருமண அழைப்பிதழ்களையும் கோயில் திருவிழாச் சுவரொட்டிகளையும் வைத்திருக்கிறது. 2 டெராபைட் வன்தட்டுகள் நான்கை, ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி ரெய்டு 5 என்னும் முறையில் ஒரே தொகுதியாக இணைத்து, 6 டெராபைட் இடத்தோடு தொடங்கிய இந்தப் பெட்டிகள் பலவும் இப்போது நிரம்பிவிட்டன. அதனால் வரும் கேள்வியும் ஒன்றாகவே இருக்கிறது: பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, வன்தட்டுகளை மட்டும் 8 டெராபைட்டாக மாற்றிக்கொள்ளலாமா, மாற்றினால் எப்படி மாற்றுவது?

கேட்பவர்களில் பெரும்பாலோர், ஒன்றைக் கழற்றி ஒன்றைச் செருகி, தானாகச் சரியான பிறகு அடுத்ததைக் கழற்றும் முறையை மனத்தில் ஏற்கெனவே முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். அந்த முறைக்கு உரிய இடம் உண்டு. ஆனால், பழைய வன்தட்டுகள் நான்கைக் கொண்ட ரெய்டு 5 பெட்டிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. காரணத்தைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும், வேலை நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் உங்கள் தரவுக்கு நல்ல பிரதிகள் எத்தனை இருக்கின்றன என்பது. ரெய்டு என்பது ஒரு வன்தட்டு செத்தாலும் அலுவலகம் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. தவறுதலாக அழித்த கோப்பையும், ரேன்சம்வேர் பூட்டிய கோப்பையும், இடி விழுந்து எரிந்த பெட்டியையும் அது மீட்டுத் தராது. ஆகவே பிரதி என்று நான் இங்கே சொல்வது, அந்தப் பெட்டிக்கு வெளியே இருந்து, ஒருமுறையாவது திறந்து பார்த்துச் சரியென்று உறுதி செய்யப்பட்ட பேக்கப்பைத்தான்.

இரண்டாவது, பின்வாங்கும் வழி. பாதியில் ஏதாவது கோளாறு என்றால் நேற்றைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. விலைப் பட்டியலில் இதற்கு ஒரு வரி இல்லாததால் கண்ணில் படுவதும் இல்லை.

மூன்றாவது, அலுவலகம் எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பது. இரவு ஒன்பது மணி வரை நோயாளி பார்க்கும் கிளினிக்குக்கும், சனிக்கிழமை மதியத்தோடு பூட்டிவிடும் தோட்ட அலுவலகத்துக்கும் விடை ஒன்றாக இருக்காது. நான்காவது, பழைய வன்தட்டுகளின் வயதும் ரெய்டு வகையும். ரெய்டு 5 ஒரு வன்தட்டின் இழப்பைத் தாங்கும்; ரெய்டு 6 இரண்டைத் தாங்கும்; ரெய்டு 1 என்னும் இரட்டைப் பிரதியில் இணையில் ஒன்று போதும். கடைசியாகச் செலவு: வன்தட்டின் விலை மட்டுமன்று, அதைச் சுற்றி வந்து சேரும் எல்லாம்.

## முதல் வழி: ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவது

இதன் இயக்கம் எளிது. ஒரு பழைய வன்தட்டை நீக்கிவிட்டுப் பெரியதைச் செருகினால், மீதமுள்ள மூன்றிலும் உள்ள தரவையும் பாரிட்டியையும் (இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தகவல்) படித்து, நீக்கப்பட்டதில் இருந்ததைப் புதியதில், ரெய்டை நடத்தும் கன்ட்ரோலர் மறுபடி எழுதுகிறது. இந்த மறுகட்டுமானத்தை நான்கு முறை செய்ய வேண்டும். தொகுதியில் உள்ள மிகச் சிறிய வன்தட்டின் அளவையே ரெய்டு கணக்கில் கொள்ளும் என்பதால், நான்காவது பழைய வன்தட்டு வெளியேறும் வரை ஒரு மெகாபைட்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. சினாலஜி நிறுவனத்தின் பெட்டிகளில் வரும் எஸ்ஹெச்ஆர் என்னும் ரெய்டு முறை இதற்கு விதிவிலக்கு. ஒரு வன்தட்டு இழப்பைத் தாங்கும் வகையில் அமைத்திருந்தால், இரண்டு பெரிய வன்தட்டுகள் உள்ளே போனதுமே கூடுதல் இடத்தின் ஒரு பகுதியை அது பயன்படுத்தத் தொடங்கிவிடும்.

நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2 டெராபைட்டை நொடிக்கு 130 மெகாபைட் வேகத்தில் எழுத ஏறத்தாழ நாலேகால் மணி நேரம் பிடிக்கும். அலுவலகத்தில் வேலை நடந்துகொண்டிருந்தால் அது இரண்டு, மூன்று மடங்காக நீளும். நான்கு முறையும் முடிந்த பின், ஒவ்வொரு வன்தட்டிலும் புதிதாகச் சேரும் 6 டெராபைட் பகுதிக்குப் பாரிட்டியை ஒத்திசைக்க இன்னும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஓர் இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு வேலை வாரம் முழுவதும் இதிலேயே போகும்.

அந்த நான்கு இரவுகளிலும், மறுகட்டுமானம் முடியும் வரை, ரெய்டு 5 தொகுதிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. மீதமுள்ள மூன்றில் ஒன்று செத்தாலும் தொகுதி முழுவதும் போயிற்று. முதல் இரவில் அந்த மூன்றும் ஒரே நாளில் வாங்கி, ஒரே வெப்பத்தில், ஒரே அளவு ஓடியவை. ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத கோப்புகள் கிடக்கும் பகுதிகளையெல்லாம் மறுகட்டுமானம் முனை முதல் முனை வரை படிக்கிறது. அங்கே ஒளிந்திருந்த படிக்க முடியாத செக்டர் (வன்தட்டின் மிகச் சிறிய பதிவுப் பகுதி) அன்றைக்குத்தான் வெளியே வரும். சாதாரண வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் வரம்பு, 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழைக்கு மிகாமல் என்பது, அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. நான்கு மறுகட்டுமானங்களில் நாம் படிக்கப்போவது ஏறத்தாழ 24 டெராபைட். நடைமுறையில் வன்தட்டுகள் இந்த வரம்பைவிட மிக நன்றாகவே நடந்துகொள்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயமுறுத்துவதாகிவிடும். இருந்தாலும் ஆபத்தான நேரத்தை ஒருமுறைக்கு நான்கு முறையாக நாமே வரவழைத்துக்கொள்கிறோம் என்பது மாறாது.

இந்த வழியின் பெரிய குறையாக நான் கருதுவது வேறொன்று. கழற்றி வைத்த நான்கு பழைய வன்தட்டுகளும் நான்கு வெவ்வேறு நாள்களின் நிலையில் நின்றுவிட்டவை. திங்கள் இரவு கழற்றியதில் திங்கள்கிழமைக் கணக்கு, வியாழன் இரவு கழற்றியதில் வியாழக்கிழமைக் கணக்கு. நான்கையும் திரும்பச் செருகினால் பழைய தொகுதி எழுந்து வராது. பின்வாங்கும் வழி முதல் இரவிலேயே அடைபட்டுவிடுகிறது.

தவறான வன்தட்டைக் கழற்றும் ஆபத்தும் இங்கே நான்கு மடங்கு. பல பெட்டிகளின் முகப்பில் 1 முதல் 4 வரை எண் ஒட்டியிருக்கும். உள்ளே மென்பொருள் 0 முதல் 3 வரை எண்ணும். திரையில் ‘வன்தட்டு 2 நீக்கத் தயார்’ என்று வந்ததும் முகப்பில் 2 என்று எழுதியதன் பிடியை இழுத்தால், வெளியே வருவது மென்பொருளின் கணக்கில் 1. அது ஓடிக்கொண்டிருந்த நல்ல வன்தட்டு. ஆகவே எண்ணை நம்பாமல், திரையில் காட்டும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு, பிறகு இழுக்க வேண்டும். அந்த டேப்பை ஒட்டுவதும் பெட்டியை முறையாக அணைத்துவிட்டுத்தான். ஹாட் ஸ்பேர் என்னும் உபரி வன்தட்டு ஒன்று காத்திருக்கும் பெட்டியில் அதை முதலில் விடுவித்துவிட வேண்டும்; இல்லையென்றால் நீங்கள் ஒன்றை இழுத்த மறுகணமே அது உள்ளே புகுந்து, பழைய சிறிய வன்தட்டு ஒன்றில் மறுகட்டுமானத்தைத் தொடங்கிவிடும்.

இத்தனைக்கும் ஒரு நல்ல மாற்று உண்டு. பெட்டியில் காலி ஸ்லாட் ஒன்று இருந்தால், பழையதைக் கழற்றாமலே புதியதைக் காலி ஸ்லாட்டில் செருகி, ‘இதன் இடத்தில் அது’ என்று கட்டளை தரலாம். லினக்ஸின் எம்டி ரெய்டு மென்பொருள், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, புதிய சினாலஜி மென்பொருள் ஆகியவற்றில் இந்த வசதி இருக்கிறது. நகலெடுத்து முடியும் வரை பழையதும் தொகுதியில் அங்கமாகவே இருப்பதால் பாதுகாப்பு ஒரு நிமிடமும் குறைவதில்லை. முதல் வழியில் போவதென்று தீர்மானித்தவர்களுக்கு என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: காலி ஸ்லாட் இருக்கிறதா?

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் சில உள்ளன. பழைய கன்ட்ரோலர்கள் சில 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை அறியவே மாட்டா. எல்எஸ்ஐ 1068ஈ சிப்பைக் கொண்டவையும் டெல்லின் பெர்க் 6/ஐயும் அத்தகையவை. சில கன்ட்ரோலர்கள் பெரிய வன்தட்டை ஏற்றுக்கொண்டாலும், எல்லாம் முடிந்த பின் கூடுதல் இடத்தைப் பழைய தொகுதியோடு சேர்க்க மறுத்து, தனியாக இன்னொரு தொகுதி அமைக்கவே இடம் தரும். தொகுதி விரிந்த பிறகும் பார்ட்டிஷன் என்னும் வன்தட்டுப் பிரிவும் கோப்பு முறைமையும் தனித்தனியே விரிய வேண்டும். பழைய எம்பிஆர் முறைப் பார்ட்டிஷன் 2 டெராபைட் அளவோடு நின்றுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, வழக்கமான 4 கிலோபைட் கிளஸ்டரில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 16 டெராபைட்டைத் தாண்டாது. பல ஆண்டுகளுக்கு முன் 64-பிட் வசதி இல்லாமல் அமைத்த, லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கும் அதே எல்லை. 8 டெராபைட் வன்தட்டுகள் நான்கு போட்டு 24 டெராபைட்டை எதிர்பார்த்தவர், ஒரு வாரப் பாடுக்குப் பிறகு இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார். முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

## இரண்டாம் வழி: கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

முழுத் தரவையும் வெளியே நகலெடுத்து, பெட்டியை முறையாக அணைத்து, பழைய நான்கையும் கழற்றி வரிசை எண்ணோடு எடுத்து வைத்துவிட்டு, புதியவற்றைக் கொண்டு புதுத் தொகுதி அமைத்து, தரவைத் திரும்பப் போடுவது இந்த வழி. அலுவலகம் நிற்க வேண்டும் என்பதால் பலரும் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 6 டெராபைட்டை கிகாபிட் கேபிள் வழியாக நகலெடுக்க ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் ஆகும். முதல் நகலை அலுவலகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம். ஆர்சிங்க், ரோபோகாப்பி போன்ற நகலெடுக்கும் மென்பொருள்களால் கடைசி நாளில் மாறியவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். நிறுத்தம் தேவைப்படுவது திரும்பப் போடும் நேரத்துக்குத்தான். சனிக்கிழமை மதியம் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடியக்கூடிய வேலை இது.

இதன் பெரும் சிறப்பு, கழற்றி வைத்த நான்கும் ஒரே கணத்தின் நிலையில் உறைந்த முழுத் தொகுதியாக இருப்பது. ரெய்டு அமைப்பின் விவரம் வன்தட்டுகளிலேயே எழுதப்பட்டிருப்பதால், புதிய தொகுதி எதிர்பாராமல் சொதப்பினால் நான்கையும் பழைய இடங்களில் செருகி, கன்ட்ரோலர் கேட்கும்போது ‘வெளித்தொகுதியை இறக்குமதி செய்’ என்று பதில் சொன்னால், திங்கட்கிழமை காலை அலுவலகம் வழக்கம்போல் திறக்கும். அங்கே கை தவறி ‘அழி’ என்பதையோ ‘புதிதாக அமை’ என்பதையோ அழுத்திவிடாமல் இருக்க வேண்டும். வெளியே உள்ள நகலையும் சேர்த்தால், வேலை நடக்கும் நேரம் முழுவதும் இரண்டு பிரதிகள் கையில் இருக்கின்றன. முதல் வழியில் பேக்கப் இல்லாதவரிடம் இருப்பது ஒன்று, அதுவும் பாதுகாப்பு இழந்து நிற்கும் ஒன்று.

இன்னொரு நன்மை, பழைய முடிவுகளைத் திருத்திக்கொள்ள முடிவது. ரெய்டு 5-ஐ விட்டுவிட்டு ரெய்டு 6-க்கோ, இரட்டைப் பிரதி இணைகளைச் சேர்த்து அமைக்கும் ரெய்டு 10-க்கோ மாறலாம். 8 டெராபைட் நான்கில் இரண்டுக்கும் 16 டெராபைட் கிடைக்கும். இவ்வளவும் தேவையா என்று யோசிப்பதும் நல்லது. 6 டெராபைட் நிரம்ப எட்டு ஆண்டு எடுத்துக்கொண்ட அலுவலகத்துக்கு, 12 டெராபைட் வன்தட்டுகள் இரண்டை ரெய்டு 1-ஆக வைத்தாலே இடம் இரட்டிப்பாகிவிடும். வன்தட்டு எண்ணிக்கை பாதி, வெப்பம் பாதி, சத்தம் பாதி. மென்பொருள் ரெய்டாக இருந்தால், பெட்டியே எரிந்துபோனாலும் மிஞ்சிய ஒரு வன்தட்டை வேறொரு கணினியில் மாட்டித் தரவைப் படித்துவிடலாம். சிறிய அலுவலகங்களுக்கு நான்கு வன்தட்டு ரெய்டு 5-ஐ யார் வழக்கமாக்கினார்கள் என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

செலவு பக்கம் வருவோம். முழுத் தரவையும் தாங்கும் வெளி வன்தட்டு ஒன்றாவது வேண்டும். அதை வீண்செலவாகக் கருத வேண்டாம், ஏனென்றால் வேலை முடிந்த பிறகு அதுவே உங்கள் பேக்கப் ஆகிவிடும். இயங்குதளமும் அதே ரெய்டு தொகுதியில் நிறுவப்பட்டிருந்தால் அதையும் படியெடுத்து மீட்க வேண்டியிருக்கும். கிளினிக் மென்பொருளின் டேட்டாபேஸ் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், வெறும் கோப்பு நகல் போதாது, அந்த மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியைப் பயன்படுத்தியே எடுக்க வேண்டும். கோப்புகளுக்கான அனுமதிகளும் பங்கீட்டுப் பெயர்களும் நகலோடு சேர்ந்து வருகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளக் கணக்குக் கோப்புறையை எல்லாரும் திறக்கக்கூடிய நிலையில் திங்கட்கிழமை விடிந்தால், வன்தட்டு செத்ததைவிடப் பெரிய கலவரமாகிவிடும்.

இந்த வழி முழுவதும் ஒரே ஒரு புள்ளியில் நிற்கிறது: வெளியே எடுத்த நகல் உண்மையிலேயே திறக்கிறதா? ‘நகலெடுத்து முடிந்தது’ என்ற செய்தியை நம்பிப் பழைய தொகுதியைக் கலைக்கக் கூடாது. வெவ்வேறு ஆண்டுகளின் கோப்புகளில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். டேட்டாபேஸை இன்னொரு இடத்தில் உயிர்ப்பித்து, நேற்று வந்த ஒரு நோயாளியின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

## மூன்றாம் வழி: பக்கத்தில் இன்னொரு பெட்டி

புதிய பெட்டி ஒன்றை வாங்கி, அதில் பெரிய வன்தட்டுகளை அமைத்து, தரவை அங்கே நகர்த்திவிட்டு, ஒரு நாள் மாலை எல்லாக் கணினிகளையும் அதன் பக்கம் திருப்புவது. பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவுமில்லை: பழைய தொகுதியை யாரும் தொடுவதே இல்லை, கோளாறு என்றால் பழைய பெட்டிக்கே திரும்பிவிடலாம், நிறுத்தமும் ஓரிரு மணி நேரம்தான். பழைய பெட்டி பிறகு பேக்கப் பெட்டியாக இன்னும் சில காலம் உழைக்கும்.

விலை கூடுதல் என்பது தெரிந்ததே. தெரியாத செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பத்து ஆண்டுகளாக ஒரே பெட்டியைப் பார்த்துப் பழகிய அலுவலகத்தில் அதன் பெயரும் ஐபி முகவரியும் எதிர்பாராத இடங்களில் எல்லாம் பதிந்திருக்கும்: ஸ்கேன் செய்து அனுப்பும் போட்டோஸ்டாட் இயந்திரத்தில், சிசிடிவி ரெக்கார்டரில், எக்ஸெல் கோப்புகளுக்குள் இருக்கும் இணைப்புகளில், எடைமேடைக் கணினியின் ஏதோ ஒரு அமைப்புக் கோப்பில். பழைய பெட்டியின் பெயரையும் முகவரியையும் புதியதற்கே தந்துவிடுவது இவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும். மென்பொருள் உரிமம் பழைய வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருந்தால், விற்றவரைத் தொடர்பு கொண்டு மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் என்ன கேட்பார் என்பதைப் பெட்டி வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறேழு ஆண்டைத் தாண்டிய பெட்டிக்கு, அதாவது பவர் சப்ளையும் மதர்போர்டும் வன்தட்டுகளோடு சேர்ந்து கிழடாகிவிட்ட பெட்டிக்கு, இதுவே சரியான வழி. பழைய வண்டிக்கு நான்கு புது டயர் போடுவதைப் போல, அதில் புதிய வன்தட்டுகளைப் போட்டுவிட்டுப் பிறகு பெட்டியையும் மாற்றுவதென்றால் செலவு இரட்டை.

## எதையும் மாற்றாமல் இடம் தேடுவது

இது ஒரு வழி என்று யாரும் எண்ணுவதில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரம்பிய தொகுதியில் எதெல்லாம் இடம் பிடிக்கிறது என்று பார்த்தால், பல இடங்களில் பெரும்பகுதி சிசிடிவி பதிவாகவே இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு வன்தட்டு ரெக்கார்டரில் போட்டு அங்கே ஒதுக்கிவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்துவிடலாம். ஆனால் கணக்குகளை அழித்து இடம் தேடாதீர்கள். வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒன்றொன்றாக | கலைத்துக் கட்டுவது | இன்னொரு பெட்டி |
|---|---|---|---|
| வேலை நடக்கும்போது பாதுகாப்பு | ரெய்டு 5-இல் நான்கு முறை பாதுகாப்பின்றி நிற்கும். காலி ஸ்லாட் இருந்தால் குறையாது | வெளி நகலும் பழைய தொகுதியும் கையில் | பழைய பெட்டி தொடப்படுவதே இல்லை |
| பின்வாங்கும் வழி | முதல் இரவோடு அடைபடும் | பழைய நான்கையும் திரும்பச் செருகலாம் | பழைய பெட்டிக்குத் திரும்பலாம் |
| அலுவலக நிறுத்தம் | இல்லை, ஆனால் பல நாள் மந்தம் | ஒரு வார இறுதி | ஓரிரு மணி நேரம் |
| ரெய்டு வகையை மாற்றுவது | பெரும்பாலும் இயலாது | இயலும் | இயலும் |
| நேரடிச் செலவு | வன்தட்டுகள் மட்டும் | வன்தட்டுகளும் வெளி வன்தட்டும் | பெட்டியும் வன்தட்டுகளும் |
| ஒளிந்திருக்கும் செலவு | கன்ட்ரோலர், கோப்பு முறைமை எல்லைகள் | இயங்குதளம், அனுமதிகள், டேட்டாபேஸ் மீட்பு | உரிமம், முகவரி, இணைப்புகள் |

## எந்த இடத்துக்கு எது

இரவு வரை திறந்திருக்கும் கிளினிக், வாரத்தில் ஒரு நாள்கூட முழுமையாக நிற்க முடியாது, பெட்டியும் பழையது என்றால், மூன்றாம் வழி. பெட்டி மூன்று ஆண்டே ஆனது, ரெய்டு 6 அல்லது இசட்எஃப்எஸ் இரட்டைப் பாரிட்டி, காலி ஸ்லாட் ஒன்றும் உண்டு என்றால், முதல் வழியைத் தயங்காமல் எடுக்கலாம். இசட்எஃப்எஸ் பயன்பாட்டில் உள்ள தரவை மட்டுமே மறுபடி எழுதுவதால் பாதி நிரம்பிய தொகுதியில் வேலையும் விரைவாக முடியும். இரண்டு வன்தட்டு ரெய்டு 1-க்கும் முதல் வழியே இயல்பானது, ஏனென்றால் முதலில் கழற்றும் வன்தட்டில் அன்றைய முழுப் பிரதியும் இருக்கிறது. அதை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

லாரிக் குத்தகையாளரின் அலுவலகம், தோட்ட அலுவலகம், அச்சகம், தமிழ்ப்பள்ளி அலுவலகம் போன்று வார இறுதியில் பூட்டக்கூடிய இடம், ஐந்து ஆண்டைத் தாண்டிய நான்கு வன்தட்டு ரெய்டு 5, பெட்டி இன்னும் திடமாக இருக்கிறது என்றால், இரண்டாம் வழிதான். அந்த அலுவலகங்களில் பெரும்பாலானவற்றில் பேக்கப் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை. வன்தட்டு மாற்றும் சாக்கில் அது ஒன்றாவது உருவாகிவிடும் என்பதும் நான் அதைப் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம். பழைய வன்தட்டுகளில் ஒன்று ஏற்கெனவே தொகுதியிலிருந்து விழுந்துவிட்டதென்றால் இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாது. முதலில் தரவை வெளியே எடுங்கள், பிறகு பேசலாம்.

## எந்த வழியானாலும் செய்ய வேண்டியவை

வன்தட்டு வாங்கும்போது பதிவு முறையைக் கேட்டு வாங்க வேண்டும். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும்போது வேகம் விழுந்து, மறுகட்டுமானம் நாள்கணக்கில் இழுக்கும் அல்லது அந்த வன்தட்டு தொகுதியிலிருந்தே வெளியேற்றப்படும். 2020-இல், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில வன்தட்டுகள் எஸ்எம்ஆர் வகை என்பது விளம்பரத்தில் சொல்லப்படாமல் இருந்தது வெளிவந்து, அந்த நிறுவனம் பிறகு தன் பட்டியலைத் திருத்தியது. ரெய்டுக்கு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை, அதிலும் பிழையில் சில நொடிகளுக்கு மேல் முரண்டு பிடிக்காத நாஸ் (பிணையச் சேமிப்புப் பெட்டி) அல்லது சர்வர் வகை வேண்டும். மேசைக் கணினி வன்தட்டு ஒரு கெட்ட செக்டரோடு ஒரு நிமிடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டும். அதற்குள் கன்ட்ரோலர் அதைச் செத்ததாகக் கருதி விலக்கிவிடும்.

இணையச் சந்தையில் விலை மலிவாகத் தெரிந்தால் சற்று நிதானியுங்கள். பயன்படுத்திய சர்வர் வன்தட்டுகளின் ஓட்ட மணிக் கணக்கை அழித்துப் புதியதென்று விற்பது 2025 தொடக்கத்தில் உலகளவில் அம்பலமானது. அதே ஆண்டு கோலாலம்பூருக்கு அருகிலேயே அத்தகைய ஒரு பட்டறை சோதனையில் பிடிபட்டது. சீகேட் வன்தட்டாக இருந்தால், வன்தட்டு தன் நிலையைப் பதிந்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் கணக்கோடு அதன் உள்ளேயே இருக்கும் ஃபார்ம் பதிவையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஓட்ட மணிகள் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உள்ள கடையில் ரசீதோடும் உள்ளூர் உத்தரவாதத்தோடும் வாங்குவது சில பத்து வெள்ளி கூடுதலாக இருந்தாலும் எனக்கு அதுவே மேல்.

வாங்கிய வன்தட்டுகளை உடனே தொகுதியில் சேர்க்காமல் ஒவ்வொன்றுக்கும் முழு நீளச் சோதனை ஓட விடுங்கள். 8 டெராபைட்டுக்கு அது அரை நாளுக்கு மேல் எடுக்கும். பெரிய வன்தட்டுகள் பலவற்றில் நடுத் திருகுத் துளைகள் இருப்பதில்லை, பழைய டிரேயில் மாட்ட முடியாமல் இரவு பத்து மணிக்குத் திருகாணியோடு தவிப்பதைவிட, ஒன்றை முன்பே மாட்டிப் பார்த்துவிடலாம். பழைய தொகுதியில், வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம், முழுத் தொகுதியையும் படித்துச் சரிபார்க்கும் ஓட்டம் ஒன்றை நடத்தி, மாற்றி எழுதப்பட்ட செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் ஆகிய இரண்டு எண்களையும் பாருங்கள். நிலுவை எண் பூச்சியமாக இல்லாத வன்தட்டு ஒன்று இருந்தாலும் முதல் வழியை மறந்துவிட வேண்டியதுதான்.

மின்சாரம் அடுத்தது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை நம் பக்கத்தில் தினசரி விருந்தாளி. அந்த மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம்; முடியாவிட்டால் மழை ஓய்ந்த இரவில் தொடங்கலாம். யுபிஎஸ் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதன் பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை, பேக்கப் எடுத்த பிறகு, சுமையோடு சுவிட்சை அணைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று ஆண்டைத் தாண்டிய பேட்டரி என்றால் இந்த வேலைக்காகவே மாற்றிவிடுவது நல்லது.

## கழற்றிய வன்தட்டுகளை என்ன செய்வது

இரண்டாம் வழியில் கழற்றிய நான்கையும், புதிய தொகுதியில் ஒரு மாதக் கணக்கு முடிப்பாவது நடந்து முடியும் வரை, ஸ்லாட் எண் எழுதிய உறையில் போட்டு உலர்ந்த அலமாரியில் வையுங்கள். அதன் பிறகு அவற்றை அப்படியே பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடக் கூடாது. ரெய்டு 5-இல் ஒரு வன்தட்டில் முழுத் தரவு இல்லை என்றாலும், சிறிய கோப்புகள் பல ஒரே வன்தட்டில் முழுமையாகவே அமர்ந்திருக்கும். அடையாள அட்டை எண்ணோடு கூடிய சம்பளச் சீட்டு அந்த அளவுக்குச் சிறியதுதான். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தனிநபர் தரவு நிரந்தரமாக அழிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. நல்ல நிலையில் உள்ள வன்தட்டை முனை முதல் முனை வரை ஒருமுறை பூச்சியங்களால் எழுதினால் போதும். 2 டெராபைட்டுக்கு ஓர் இரவு. கெட்டுப்போய் எழுத மறுப்பவற்றை மட்டும், டிரில்லோடு பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து, தட்டின் ஊடே துளை போடச் சொல்லி, முடியும் வரை பக்கத்தில் நின்று வாங்கி வந்துவிடுங்கள்.